ரெண்டு சொட்டு போதும் பாஸ்!

விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்தில் காலேஜ் படித்த அண்ணனோ, அக்காவோ, சித்தப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். 'கம்ப்யூட்டர் லேப்ல ப்ரோக்ராம் எழுதினியா?' என்று அல்ல. 'லேப்ல பின்பால் ஆடினியா?' என்று! முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். ஸ்பேஸ் கேடட் என்று ஒரு ஆட்டம். குண்டு மேலே போகும், டிங் டிங் என்று மோதும், ஸ்கோர் எகிறும், கீழே வரும்போது ரெண்டு துடுப்பால் தட்டி மறுபடி மேலே அனுப்ப வேண்டும். சார் வரும் சத்தம் கேட்டால் மினிமைஸ்! 2007-ல் வந்த விஸ்டாவில் அதைத் தூக்கிவிட்டார்கள்.

அது நிழல். நிஜம் எப்படி இருக்கும் தெரியுமா? சரிவாக வைத்த ஒரு மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு. திருவிழாக் கடைகளில் ஆணி அடித்த பலகையில் குண்டு விடுகிற பேகடெல் ஆட்டம் பார்த்திருப்பீர்களே, அதன் வம்சாவளிதான். அமெரிக்காவில் சிகாகோ நகரம்தான் இதற்குத் தலைநகரம். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் மூன்று கம்பெனியும் அந்த ஊர்தான். துடுப்பு வைத்த முதல் மெஷின் 1947-ல் காட்லீப் கொண்டுவந்தது. நியூயார்க்கில் 'இது சூதாட்டம்' என்று 1942-ல் தடை போட்டு, மெஷின்களைச் சம்மட்டியால் உடைத்தார்கள். தடை நீங்கியது 1976-ல். 34 வருஷம்! நம்ம ஊரில் ஆன்லைன் ரம்மிக்கு நடந்த சண்டையெல்லாம் எம்மாத்திரம்?

மேட்டருக்கு வருவோம். 1970-கள் வரை வந்த அந்த மெஷின்களில் சிப் கிடையாது, ப்ரோக்ராம் கிடையாது. ரிலே, சுவிட்ச், பல்பு, காயில். இதற்கெல்லாம் நடுவில் ஒரு சின்ன மோட்டார். பேர் ஸ்கோர் மோட்டார். குண்டு 500 பாயின்ட் பலகையில் மோதியது என்று வையுங்கள். 'ஐந்நூறு' என்று ஒரேயடியாகக் கூட்ட அந்த மெஷினுக்குத் தெரியாது. நூறு நூறாகத்தான் தெரியும். உடனே மோட்டார் சுற்றும். அதன் தண்டில் இருக்கும் மேடுபள்ளமான தகடுகள் வரிசையாகச் சுவிட்சுகளைத் தட்டும். டக் டக் டக் டக் டக்... ஐந்து தட்டு, ஐந்து நூறு. காசு போட்டதும் பழைய ஸ்கோரை அழித்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவதும் இதே மோட்டார் வேலைதான். அதாவது, சி.பி.யு.வே ஒரு மோட்டார்!

இப்போது 50, 60 வருஷம் கழித்து யாரோ ஒரு புண்ணியவான் அந்த மெஷினைக் குடோனிலிருந்து எடுத்து பிளக்கைச் செருகுகிறார். பல்பு எரிகிறது. காசு போடுகிறார். 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். அவ்வளவுதான். மோட்டாருக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தால் கியர்ப்பெட்டிக்குள் அந்தக் காலத்தில் வைத்த கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கிறது.

இந்த முனகலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ஹாஸ்டல் ரூமில் உங்கள் டேபிள் ஃபேன். காலையில் சுவிட்சைப் போட்டால் முனகும். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பும். நாலு மாசமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அப்படித்தானே?

பின்பால் மெஷினுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் நம்ம தேனிப் பக்கத்திலும் ஊருக்கு ஊர் இருந்தான். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்... நீங்கள் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்கள் தலைக்கு மேலே, பின்னால், ஒரு சின்ன ஓட்டை வழியாக அவன் காட்டியதை உங்கள் அப்பா அம்மா பார்த்து விசில் அடித்திருப்பார்கள். சினிமா புரொஜக்டர்! பாரதிராஜாவின் அல்லிநகரமும் இளையராஜாவின் பண்ணைப்புரமும் இருக்கிற மாவட்டம் இது. இங்கே சினிமா காட்டிய மெஷினைப் பற்றிப் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

கொஞ்சம் கணக்குப் போடலாம், பேப்பர் எடுங்க. ஒரு விநாடிக்கு 24 படம். ஒவ்வொரு படமும் லென்ஸுக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகு 'டக்' என்று அடுத்தது வர வேண்டும். இதைச் செய்வது நாலு வெட்டு வைத்த நட்சத்திரம் மாதிரி ஒரு சின்னச் சக்கரம். மால்டீஸ் கிராஸ் என்று பெயர். அதைத் தட்டி விடும் முளைச் சக்கரம் ஒரு படத்துக்கு ஒரு சுற்று. அப்படியானால் விநாடிக்கு 24 சுற்று, நிமிஷத்துக்கு 1440.

ட்ரிபிள்-ஈ படிக்கிறவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓடும் நாலு துருவ இன்டக்ஷன் மோட்டாரின் பெயர்ப் பலகையில் சாதாரணமாக எழுதியிருக்கும் வேகம் என்ன? அதே 1440! யாரும் ஏற்பாடு செய்யாமலே பொருந்திய ஜாதகம். 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கிற அமெரிக்காவில் இந்தக் கொடுப்பினை கிடையாது.

ரெண்டரை மணி நேரப் படம் என்றால் 9,000 விநாடி. 2,16,000 தடவை அந்த நட்சத்திரம் 'டக்' என்று திரும்பி நிற்க வேண்டும். நாலு ஷோ ஓட்டினால் ஒரு நாளைக்கு 8,64,000. சில்வர் ஜூப்ளி படத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இத்தனை அடியும் இரும்பின் மேல் இரும்பு. இது தேயாமல் இருந்ததற்குக் காரணம், நட்சத்திரம் இருந்த பெட்டிக்குள் எண்ணெய் நிரப்பியிருந்ததுதான். வெளியிலிருந்தே அளவு பார்க்க ஒரு கண்ணாடிச் சில்லு உண்டு. ஷோவுக்கு முன்னால் ஆபரேட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆனால் அவருடைய நிஜமான திறமை எண்ணெய் விடுவதில் இல்லை. எங்கே விடக் கூடாது என்பதில்! ஃபிலிம் போகிற பாதையில் ஒரு சொட்டு பட்டால் போச்சு. ஃபிலிமின் ஓரத்தில்தான் சத்தம் ஒரு கோடாகப் பதிவாகியிருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் தூசி ஒட்டும், 'கர்ர்ர்' என்று இழுக்கும். கதாநாயகி மூக்கில் ஒரு கறை மிதக்கும். அப்புறம் தரை டிக்கெட் சும்மா இருக்குமா? 'டேய் ஆபரேட்டர்ர்ர்!'

பின்பால் மெஷினிலும் இதே சட்டம். முக்கால்வாசிப் பகுதி காய்ந்தே இருக்க வேண்டும். காந்தக் காயிலுக்குள் ஓடும் இரும்புத் தண்டுக்கு எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பசையாகும், தண்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். சுவிட்ச் முனையில் பட்டால் காண்டாக்ட் கிடைக்காது. இரும்பும் இரும்பும் உரசிச் சுற்றுகிற இடம், கியர்ப்பெட்டி, மோட்டார் தண்டின் ரெண்டு முனை... அவ்வளவுதான் எண்ணெய்க்கு அனுமதி. ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் தறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். தறிக்கு எண்ணெய் வேண்டும், நூலுக்கு ஆகாது. சேலையில் ஒரு பொட்டுக் கறை பட்டால் அது செகண்ட்ஸ் மூட்டைக்குப் போய்விடும்.

எண்ணெய் என்னதான் செய்கிறது? 'வழவழன்னு ஆக்குது' என்பது எட்டாம் கிளாஸ் பதில். 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற என்ஜினீயர் ரயில் அச்சுகளின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு ஓட்டை போட்டார். அச்சு சுற்ற ஆரம்பித்ததும் எண்ணெய் உள்ளே போகாமல் அந்த ஓட்டை வழியாக வெளியே பொங்கியது. ஒரு தக்கையை வைத்து அடைத்தார். தக்கையைத் தள்ளி வெளியேற்றிவிட்டது! அப்புறம்தான் புரிந்தது, சுற்றும் தண்டு தானே எண்ணெயை ஒரு ஆப்பு மாதிரி தனக்கு அடியில் இழுத்துக்கொண்டு, அந்த அழுத்தத்தில் மிதக்கிறது என்று. மூன்று வருஷம் கழித்து, 1886-ல், ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குச் சமன்பாடு எழுதினார். மெக்கானிக்கல் மக்களை மூன்றாம் வருஷத்தில் மிரட்டுகிற அதே ரெனால்ட்ஸ்தான்.

ஆக, ஓடுகிற மோட்டாரில் இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்வதே இல்லை. லோயர் கேம்ப்பில் பெரியாறு தண்ணீரில் ஓடுகிற மின் நிலையத்தின் ஜெனரேட்டர் தண்டும், உங்கள் டேபிள் ஃபேன் தண்டும், தலைமுடியை விட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிற சொந்தக்காரர்கள்.

ஆனால் தொடங்குகிற அந்த முதல் கணத்தில் மிதப்பு கிடையாது. தண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். நல்ல எண்ணெய் இருந்தால் வழுக்கிக்கொண்டு எழும். எண்ணெய் காய்ந்து பசையாகியிருந்தால்? எழ முடியாது. அதனால்தான் காலையில் முனகல். ஒரு தட்டுத் தட்டினால் நீங்கள் அந்த முதல் உந்துதலைக் கொடுக்கிறீர்கள். அப்புறம் அது பார்த்துக்கொள்கிறது.

சரி, தட்டிக்கிட்டே இருந்தா என்ன? இருக்கு மேட்டர். சுற்றாமல் நிற்கும் மோட்டார், சுற்றும்போது எடுப்பதை விட அதிகமான கரண்டை இழுக்கும். காற்றும் கிடைக்காது. அத்தனையும் சூடாகும். செம்புக் கம்பி மேல் பூசிய வார்னிஷ் கருகும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஃபேன் கிளம்பாமல் முனகிக்கொண்டே நின்றால் தட்டிவிட ஆள் கிடையாது, நீங்கள் தூக்கத்தில். பக்கத்தில் திரைச்சீலை, மெத்தை, ரெக்கார்டு நோட்டு. நான் மேலே சொல்ல வேண்டாம்.

கம்பமோ தேனியோ, எந்த ரீவைண்டிங் கடையிலும் வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிற உரையாடல் இது:

"அண்ணே, காயில் போயிருச்சு. எவ்வளவு ஆகும்?"

"காயில் தானா போகல தம்பி. முதல்ல எண்ணெய் போச்சு. அதுதான் காயிலையும் கூட்டிட்டுப் போயிருச்சு."

எண்ணெய் என்றதும் நம் வீட்டில் கை நேராகப் போவது அடுப்படிக்கு! தேங்காய் எண்ணெய். பாட்டி தலைக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான், ஃபேனுக்கும் அதுதான். விட்ட அன்றைக்கு ஜம்மென்று ஓடும். ஆனால் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி ராத்திரி, குமுளிப் பக்கமிருந்து குளிர் இறங்கும்போது, பாத்ரூமில் பாட்டில் வெள்ளையாக இறுகிக் கிடக்கிறதே, அதே காரியம்தான் பேரிங்குக்குள்ளும் நடக்கிறது. நல்லெண்ணெய் இன்னும் மோசம். காற்று பட்டுப் பட்டுப் பிசினாகும். தாளித்த சட்டியைக் கழுவாமல் விட்டால் விளிம்பில் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளுமே, அந்தப் பிசின்.

சமையல் எண்ணெய்க் குடும்பத்தில் மரியாதைக்குரியவர் ஒருத்தர்தான். விளக்கெண்ணெய். மாட்டு வண்டி அச்சுக்கு, வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மசகு போட்டவர்கள் நம் தாத்தாக்கள். முதல் உலகப் போரில் விமான எஞ்சின்களுக்கும் விளக்கெண்ணெய்தான் விட்டார்கள். கேஸ்ட்ரால் என்ற பெயரே ஆங்கிலத்தில் ஆமணக்கின் பெயரிலிருந்து பிறந்தது. ஆனாலும் உங்கள் ஃபேனுக்கு அது வேண்டாம். ரொம்பக் கெட்டி, நாள்பட நாள்பட அதுவும் பிசுபிசுக்கும்.

அப்புறம் அந்த நீலமும் மஞ்சளுமான ஸ்பிரே டப்பா. டபிள்யூ.டி-40. பைக் வைத்திருக்கிற பையன்களுக்கு அதுதான் சர்வரோக நிவாரணி. அது 1953-ல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்த சரக்கு. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது முயற்சியில் பலித்தது என்பதற்காக. துரு பிடித்த நட்டைக் கழற்ற அருமை. பேரிங்கில் அடித்தால் இருக்கிற பழைய எண்ணெயையும் கரைத்துவிட்டு, கொஞ்ச நாளில் தானும் ஆவியாகிவிடும். போதாததற்கு அது எளிதில் தீப்பற்றும். பொறி பறக்கிற சுவிட்சுகள் நிறைந்த பின்பால் மெஷினுக்குள் அடிப்பது தற்கொலைக்குச் சமம் என்று அந்த வேலை தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

பைக்கிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயில்? அதில் இரும்புத் தூள் மிதக்கிறது பாஸ். உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான்.

வேண்டியது, தையல் மெஷின் கடையில் சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் விற்கிற மெஷின் ஆயில். பல வருஷம் வரும். முதலில் ஃபேன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இப்போது றெக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுற்றி மெதுவாக நின்றால் குற்றவாளி எண்ணெய் இல்லை, கண்டென்சர். அதை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கும், சுண்டி இழுக்கும். றெக்கை கெட்டியாக, அரைச் சுற்றில் நின்றால் எண்ணெய்தான். முன்பக்க வலையைக் கழற்றி, தண்டில் சுற்றியிருக்கிற தலைமுடியையும் நூலையும் முதலில் எடுங்கள். லேடீஸ் ஹாஸ்டல் ஃபேன்களில் பாதி வியாதி இதுதான் என்று ரிப்பேர்காரர்கள் சொல்வார்கள், கோபிக்க வேண்டாம். முன்னால் ஒரு சொட்டு, பின்னால் மோட்டார் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு. ஒரு நிமிஷம் கையால் சுற்றுங்கள். வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுங்கள்.

'ரெண்டு சொட்டு எந்த மூலைக்கு?' என்று சந்தேகம் வரும். டேபிள் ஃபேனில் இருக்கிற புஷ் கெட்டி உலோகம் இல்லை. வெண்கலத் தூளை அழுத்திச் சுட்டது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு வெறும் துளை. பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். சூடானால் வெளியே விடும், ஆறினால் திரும்ப உறிஞ்சும். அந்தத் துளைகள் நிரம்பினால் போதும். ஒரே விஷயம், பிசினைக் கழுவ புஷ்ஷைப் பெட்ரோலில் போட்டால் குடித்து வைத்த எண்ணெயும் போய்விடும். அப்படிக் கழுவினால் திரும்ப எண்ணெயில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும்.

சீலிங் ஃபேனுக்கு இந்த வைத்தியம் செல்லாது. அதில் இருப்பது பால் பேரிங், உள்ளே கிரீஸ். ஸ்டூல் மேல் ஏறி மேலேயிருந்து எண்ணெய் ஊற்றினால் அது காயிலில் இறங்கும், இல்லையென்றால் கீழே படித்துக்கொண்டிருப்பவர் தலையில். சத்தம் வந்தால் பேரிங்கையே மாற்றிவிடுவதுதான் மரியாதை. கிரீஸிலும் 'நிறைய வெச்சா நல்லது' என்று ஒரு மூடநம்பிக்கை உண்டு. பேரிங்கின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். அடைத்து வைத்தால் குண்டுகள் கிரீஸைக் கடைந்து கடைந்தே சூடாகிவிடும்.

தோட்டத்து மோட்டார் பற்றியும் ஒரு வார்த்தை. உங்களில் பாதிப்பேர் வீட்டில் திராட்சையோ வாழையோ தென்னையோ இருக்கும். கவாத்து முடிந்து கொடி துளிர்க்கிற நேரத்தில் மோட்டார் எரிந்தால் என்ன பாடு என்று அப்பா முகத்தில் பார்த்திருப்பீர்கள். போர்வெல்லில் இறங்குகிற நீர்மூழ்கி மோட்டாரில் பல வகைக்கு எண்ணெயே கிடையாது. தண்ணீர்தான் எண்ணெய்! உள்ளே நல்ல தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடித்தான் இறக்க வேண்டும். அந்தத் தண்ணீர்ப் படலத்தின் மேல்தான் பம்பின் பாரம் முழுக்க உட்காருகிறது. அவசரத்தில் கலங்கல் தண்ணீரை ஊற்றினாலோ அரைகுறையாக நிரப்பினாலோ பேரிங் தேயும், தண்டு இறுகும், காயில் கருகும். அடுத்த முறை வீட்டில் மோட்டார் இறக்கும்போது செல்போனைப் பையில் போட்டுவிட்டு, என்ன தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

புரொஜக்டர்கள்? 2010-களில் தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் அநேகமாக எல்லாமே டிஜிட்டலுக்கு மாறிவிட்டன. பழையவை சில எடைக்குப் போயின, சில மாடிப்படிக்கு அடியில் கோணிப்பை போர்த்திக் கிடக்கின்றன. உங்கள் ஊர்த் தியேட்டரில் அப்படி ஒன்று இருந்தால், பழைய ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பிளக்கைச் செருக வேண்டாம். பக்கவாட்டில் கையால் சுற்றுகிற திருகு இருக்கும், அவரையே மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். நட்சத்திரப் பெட்டிக்குள் எண்ணெய் இறுகாமல் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்' கேட்கும்.

ஃபேனுக்கு எண்ணெய் விடும்போது தரையில் ஒரு சொட்டு சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். ரூம்மேட் வழுக்கி விழுந்தால் அதற்கு இந்தப் பக்கம் பொறுப்பல்ல.